ஆற்று மண்ணும் நூற்றெட்டுத் தையலும்

அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவில் மாரியம்மன் குடியிருக்கும் ஊர் இருக்கன்குடி. ஆடி கடைசி வெள்ளிக்கு ஆற்று மணலெல்லாம் தலைகளாகத் தெரியும். கூட்டம் கலைந்ததும் மணல் பிள்ளைகளுடையது. இப்போது அங்கே கிரிக்கெட். எங்கள் காலத்தில் செல்லாங்குச்சி. ஏட்டில் அதற்குக் கிட்டிப்புள் என்று பெயர்.

கருவேலங்குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கி, அரிவாளால் இரு முனையையும் பென்சில் போலச் சீவினால் புள் தயார். பச்சைக் குச்சி நாலு அடியில் நார்நாராகிவிடும். இரண்டு நாள் வெயிலில் காய வேண்டும். குழிமேல் குறுக்காக வைத்து, கம்பை அடியில் கொடுத்து நெம்புவோம். எதிரணி அந்தரத்தில் பிடித்துவிட்டால் அவுட்டு. இல்லையென்றால் புள்ளின் முனையில் தட்டி, எழும்புவதை அப்படியே விளாச வேண்டும். விழுந்த இடம்வரை கம்பால் அளப்போம். தோற்றவன் அத்தனை தூரமும் மூச்சு விடாமல் கூவிக்கொண்டே ஓடிவர வேண்டும்.

ஆடத் தெரியாத குட்டித் தம்பிக்கும் அதில் இடம் உண்டு. அவன் உப்புக்குச் சப்பாணி. இரண்டு பக்கமும் ஆடுவான், அவுட்டே கிடையாது. ஒரு பிள்ளையையும் அழவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு சொல்லை வைத்திருந்த ஆட்டம் அது. நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

இப்படி வளர்ந்ததாலோ என்னவோ, அமெரிக்கர்களின் பேஸ்பால் எனக்கு அந்நியமாகப் படவில்லை. அங்கும் ஆற்று மண்ணுக்கு மரியாதை உண்டு. புதுப்பந்து வழுக்கும். 1938-இல் லீனா பிளாக்பர்ன் என்ற பயிற்சியாளர் நியூ ஜெர்சியில் டெலவேர் ஆற்றின் கிளையொன்றில் சேறு எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பிடி கிடைத்தது. மேஜர் லீக் பந்துகள் இன்றும் அந்தச் சேறு பூசித்தான் களம் இறங்குகின்றன. எடுக்கும் இடம் மட்டும் ரகசியம். பந்தின் தோலைச் சேர்ப்பவை 108 இரட்டைத் தையல்கள், கையால் போட்டவை. அதைப் படித்ததும் ஒரு பந்தைக் கையில் வாங்கித் தடவிப் பார்க்க ஆசை வந்தது.

யோகி பெர்ரா என்ற பெயரைக் கேட்டு நம் ஊர்க்காரரோ என்று நினைத்தேன். இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை. இந்தியாவைப் பற்றிய படத்தில் யோகி ஒருவரைப் பார்த்த நண்பன், தன் முறைக்காகக் கைகால் மடக்கி உட்கார்ந்திருந்த இவரை அப்படிக் கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. ஆட்டக்காரராகப் பத்து உலகத் தொடர்களை வென்ற அணிகளில் இருந்தவர். 1956 அக்டோபர் 8 அன்று அவர் அணியின் பந்து வீச்சாளர் டான் லார்சன் எதிரணியில் ஒருவரைக்கூட முதல் தளத்தை எட்டவிடாமல் வீசி முடித்தபோது, ஓடிப்போய் அவர் மேல் தாவி ஏறியவர் இந்த யோகிதான். அப்படிப்பட்ட ஆட்டம் நடக்கும்போது சக ஆட்டக்காரர்கள் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். வீசுபவர் பக்கத்தில்கூட உட்கார மாட்டார்கள். சொன்னால் கெட்டுவிடுமாம். கண்பட்டுவிடும் என்று நம் அம்மாக்கள் பயப்படுவதும் இதற்குத்தானே.

1960-இல் சிகாகோவில் பில் வீக் என்ற அணி உரிமையாளர் ஸ்கோர் பலகையிலேயே வாணவேடிக்கை வைத்தார். சொந்த அணி பந்தை வேலி தாண்டி அடித்தால் வெடி. சிவகாசிப் பக்கத்து ஆளுக்கு அந்தச் சந்தோஷத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நான் பொறாமைப்படுவது அவர்கள் ஹென்றி சாட்விக்கைப் பெற்றதற்காக. இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் கிரிக்கெட் செய்தி எழுதியவர். பேஸ்பால் ஆட்டங்களை எண்களாக்கிப் பத்திரிகையில் பதியவைத்தார். மூன்று முறை தவறி வெளியேறுபவருக்கு அவர் வைத்த குறி ‘கே’ என்ற எழுத்து. மட்டையை அசைக்காமலே அவுட்டானால் அதே எழுத்தைத் திருப்பிப் போடுவது பின்னால் வந்த வழக்கம். வேலி தாண்டிய அடிகள் பேப் ரூத் 714, ஹாங்க் ஆரன் 755 என்று பேரப்பிள்ளைகள் சொல்வது அப்படி எழுதிவைத்ததால். நமக்குத் தேவநேயப் பாவாணர் 1954-இல் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ எழுதி முறைகளைக் காப்பாற்றினார். ஆடியவர்களின் பெயர்கள்தான் மணலோடு போயின.

போன ஆடியில் ஆற்றுக்குள் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் செல்லாங்குச்சி பற்றிக் கேட்டேன். “அந்தா ஒத்தக் கருவ தெரியுதுல்லய்யா, அங்க போயி விழுந்துச்சு என் புள்ளு” என்றார். அதோடு விடவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையிலிருந்த ஊன்றுகம்பால் குனிந்து குனிந்து அளந்துகொண்டே போனார். கூடவே நடந்தேன். மரத்தடியில் நிமிர்ந்து மூச்சு வாங்கியவர், “நாப்பத்திமூணு. எழுதிக்கோ” என்றார்.

எழுதிக்கொண்டேன்.