ஆட்டம் முடிந்தபின் கணித்த ஜாதகம்

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி அமைப்பான தேசிய ஹாக்கி லீகின் டிராஃப்ட் வழக்கமாக ஜூன் மாதக் கடைசியில் நடக்கும். பதினெட்டு வயதுப் பையன்களை அணிகள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் அந்த நாள் நெருங்கும்போதெல்லாம் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் வெவ்வேறு சொற்களில் வருகிறது. பழைய சீசன்களை மறுபடி ஆடிப்பார்க்க விடும் மேனேஜர் வகைக் கணினி ஆட்டங்களில் 1989ஆம் ஆண்டைத் திறந்தால், யார் பெரிய வீரராக வருவார் என்பது ஆட்டத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அப்படியானால் இந்த ஆண்டுப் பையன்களைப் பற்றி அது சொல்வதையும் நம்பலாமா? ஒரே சீசனை இரண்டு முறை ஆடினால் இரண்டு விதமாக முடிகிறதே, இதில் எது வரலாறு? டிராஃப்டுக்கு முன் பதில் சொல்லியாக வேண்டிய கேள்விகள் இவை. அந்த ஆட்டங்கள் ஒவ்வொரு வீரரோடும் சேர்த்து வைத்திருக்கும் ஓர் எண்ணைப் புரிந்துகொண்டால் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும். அதனால் மற்றவற்றைச் சுருக்கிக்கொண்டு அந்த எண்ணைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

இந்த வகையில் இன்று பெயர்பெற்றது ‘ஃபிரான்சைஸ் ஹாக்கி மேனேஜர்’. ‘அவுட் ஆஃப் த பார்க் டெவலப்மென்ட்ஸ்’ நிறுவனம் 2013 முதல் வெளியிட்டுவரும் வரிசை இது. அண்மைப் பதிப்புகளில் லீகின் முதல் சீசனான 1917-18 வரை பின்னோக்கிப் போகலாம். ஹாக்கி வரலாற்றை உங்கள் கையால் மாற்றி எழுதலாம் என்பதே இத்தகைய ஆட்டங்களின் வாக்குறுதி. ஒவ்வொரு வீரருக்கும் இன்றைய திறன் ஒன்று, பொட்டென்ஷியல் ஒன்று என இரண்டு அளவுகள் உண்டு. பொட்டென்ஷியல் என்பது வீரர் எட்டக்கூடிய உச்சம் என்று விளக்கம் தருவார்கள். இன்று விளையாடும் பதினெட்டு வயதுப் பையனுக்கு அந்த விளக்கம் பொருந்தும். அந்த எண் யாரோ ஒருவர் யோசித்துப் போட்ட ஊகம். பழைய வீரர்களுக்கு அது பொருந்தாது. அவர்கள் எட்டி முடித்துவிட்ட உச்சத்தைப் பார்த்து, முன்தேதியிட்டு எழுதிய எண் அது. ஒருவர் வாழ்ந்து முடித்தபின் அவர் வாழ்க்கையைப் பார்த்தே ஜாதகம் கணித்து, அது அப்படியே பலித்தது என்று சொன்னால் எப்படியோ அப்படி. 1989 விஷயத்தில் ஆட்டம் ‘சரியாக’ச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்தத் துல்லியத்தை வைத்து இந்த ஆண்டுக் கணிப்பை எடைபோட வழியே இல்லை.

1989 டிராஃப்டையே எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு முதலில் எடுக்கப்பட்டவர் ஸ்வீடனின் மாட்ஸ் சுண்டீன். ஐரோப்பியர் ஒருவர் முதலிடத்தில் எடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி 11ஆவது இடத்தில் மைக் சில்லிங்கரையும் 32ஆவது இடத்தில் பாப் பௌனரையும் எடுத்தது. அதன்பிறகே, 53ஆவது இடத்தில் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோமை எடுத்தது. லிட்ஸ்ட்ரோம் பின்னாளில் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் விருதை ஏழு முறை வென்றார். லீகின் சாம்பியன் அணிக்குரிய ஸ்டான்லி கோப்பையை நான்கு முறை வென்றார். 1,564 ஆட்டங்களையும் டெட்ராய்டுக்கே ஆடினார். மற்ற அணிகள் அவரை விட்டுவிட்டன என்பதைவிட, எடுத்த அணியே இரண்டு முறை அவரைத் தாண்டிப் போனது என்பதே இங்கே முக்கியம். அவர் யாராக வருவார் என்பது டெட்ராய்டுக்கும் தெரியாது. ஆட்டத்தின் கோப்பிலோ 1989 ஜூனிலேயே ஏழு நோரிஸ் விருதுகளின் எடை அவர் பெயருக்கு எதிரே ஏறிவிட்டது.

இந்தச் சிக்கலை ஆட்டம் செய்பவர்கள் அறியாதவர்கள் அல்ல. தப்பிக்க அவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி, நடந்ததை நடந்தபடியே கட்டாயப்படுத்துவது: நிஜத்தில் எடுத்த அணியே இங்கும் எடுக்கும், நிஜத்தில் ஓய்வுபெற்ற ஆண்டிலேயே இங்கும் ஓய்வு. இதே நிறுவனத்தின் பேஸ்பால் ஆட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் வீரரின் உண்மைப் புள்ளிவிவரத்திலிருந்து திறனை மறுபடி கணக்கிடும் வசதியும் உண்டு. அது நாடகத்துக்கு வசனம் எழுதிக் கொடுப்பது. அங்கே மேனேஜருக்கு வேலை குறைவு. இரண்டாவது வழி, எண்ணை அப்படியே வைத்துவிட்டு டிராஃப்டைத் திறந்துவிடுவது. அப்போது கணினி அணிகளின் ஸ்கவுட்டுகளுக்கு (திறமை தேடுபவர்களுக்கு) எண் ஓரளவு தெரிவதால் லிட்ஸ்ட்ரோம் முதல் சுற்றிலேயே போய்விடுவார், அல்லது பழைய டிராஃப்ட் பட்டியல் மனப்பாடமாக இருக்கும் மனித மேனேஜர் தட்டிக்கொண்டு போவார். மூன்றாவது வழி, பகடை: எண்ணையோ வளர்ச்சியையோ கொஞ்சம் குலுக்கிப் போடுவது. லிட்ஸ்ட்ரோம் சாதாரண வீரராக முடியலாம், சில்லிங்கர் நட்சத்திரமாகலாம். இதில் நினைவாற்றலுக்குப் பரிசு கிடைக்காது. ஸ்கவுட்டின் கண்ணில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து, உண்மை எண்ணை மூடுபனிக்குள் வைக்கும் உத்தியும் இதோடு சேரும். மூன்றில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். ஒரு மேனேஜரின் உண்மையான நிலை, தெரியாமல் முடிவெடுக்க வேண்டிய நிலை, அதில் மட்டுமே திரும்பிவருகிறது.

ஆனால் பகடையும் ஒரு விஷயத்தைத் தொடுவதில்லை. குலுக்கலுக்கு நடுப்புள்ளியாக இருப்பது அதே பழைய எண். அந்த எண் ஒருவருடைய உடம்புக்குள் பதினெட்டு வயதிலேயே இருந்த பொருள்போல வைக்கப்படுகிறது. அது அப்படி இல்லை என்பதுதான் என் வாதம். அதில் பயிற்சியாளர் இருக்கிறார், பக்கத்தில் ஆடியவர் இருக்கிறார், பாஸ்போர்ட் இருக்கிறது, அதிர்ஷ்டமும் இருக்கிறது. சான்றுக்கு வேறெங்கும் போக வேண்டாம், அதே டிராஃப்ட் போதும். டெட்ராய்ட் 74ஆவது இடத்தில் செர்கேய் ஃபெடரோவை எடுத்தது. சோவியத் ராணுவக் குழுவில் ஆடியவர் அவ்வளவு கீழே கிடைத்ததற்குத் திறமைக் குறைவு காரணமில்லை. அவர் வருவாரா என்று யாருக்கும் தெரியாது. 1990 ஜூலையில், சியாட்டில் நல்லெண்ண விளையாட்டுப் போட்டிகளுக்கு முன்பு, போர்ட்லாண்டில் தன் அணியை ரகசியமாக விட்டு வெளியேறித்தான் அவர் டெட்ராய்ட் சேர்ந்தார். 1994இல் லீகின் மிக மதிப்புமிக்க வீரரானார். அந்த ஜூலை இரவு தவறிப்போயிருந்தால் அவர் எண் என்னவாக இருந்திருக்கும்? 221ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட விளாதிமிர் கான்ஸ்தாந்தீனவ் கதை இதற்கு நேர் எதிர். 1997 ஜூனில் கோப்பை வென்ற ஆறாம் நாள் நடந்த கார் விபத்தில் அவர் ஆட்ட வாழ்வு முடிந்தது. அவர் எண்ணில் அந்த விபத்தைச் சேர்ப்பதா, விடுவதா? வான்கூவர் அணி 113ஆவது இடத்தில் எடுத்த பாவெல் பூரே, போதிய ஆட்டங்கள் ஆடாததால் அந்தச் சுற்றில் எடுக்கத் தகுதியற்றவர் என்று மற்ற அணிகள் நம்பின. அவர் ஆடிய சர்வதேச ஆட்டங்களையும் கணக்கில் சேர்த்துத்தான் வான்கூவர் அவரை எடுத்தது. செல்லாது என்று முதலில் சொன்ன லீக், 1990இல் செல்லும் என்று மாற்றிக்கொண்டது. அதைத் தீர்மானித்தது ஓர் ஆட்டக் குறிப்பேடு. எந்தப் பொட்டென்ஷியல் எண்ணும் அதைச் சொல்லாது.

விளையாட்டை விளையாட்டாகப் பார்க்கக்கூடாதா, எந்த மாதிரியும் உலகைச் சுருக்கத்தானே செய்யும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. சுருக்குவதில் எனக்கு வருத்தமில்லை. சுருக்கத்தால் வரும் பிழை எல்லாத் திசையிலும் சமமாக விழுந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே அது ஒரே பக்கம் சாய்கிறது. வாய்ப்புக் கிடைத்தவருக்கு எண் உண்டு. வாய்ப்பு மறுக்கப்பட்டவருக்கு எண்ணே இல்லை. டொராண்டோவில் பிறந்த ஹெர்ப் கார்னகி, ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோரின் மகன். 1940களில் கியூபெக் லீகுகளில் முன்னணி வீரராக இருந்தவர். பின்னாளில் பெரும் நட்சத்திரமான இளம் ழான் பெலிவோவோடு ஒரே அணியில் ஆடியவர். 1948இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் முகாமில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் கீழ்நிலை அணிகளுக்கான ஒப்பந்தம்தான். கியூபெக்கில் அதைவிட அதிகம் சம்பாதித்ததால் மறுத்துவிட்டார். தேசிய லீகில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. முதல் கறுப்பின வீரராக வில்லி ஓ’ரீ அந்த லீகின் களத்தில் இறங்கியது 1958 ஜனவரியில். கார்னகி 2012இல் மறைந்தார். 2022இல்தான் ஹாக்கி புகழ் மன்றம் அவரைச் சேர்த்தது, அதுவும் ஆட்டக்காரர் பிரிவில் அல்ல. லீகின் புள்ளிவிவரத்திலிருந்து மட்டும் செய்யப்படும் 1948ஆம் ஆண்டில் ரேஞ்சர்ஸின் மேனேஜராக உட்காருபவர், அவரை எடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியைச் சந்திக்கவே மாட்டார். வரலாற்றை மாற்றி எழுதலாம் என்ற வாக்குறுதி, மாற்றப்பட்டிருக்க வேண்டிய இடத்திலேயே பொய்த்துப்போகிறது. பழைய சின்ன லீகுகளின் பதிவுகளைத் தேடித்தேடிச் சேர்க்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். இந்த ஆட்டங்களில் நான் பார்த்தவற்றில் மிகப் பெரிய உழைப்பு அவர்களுடையது. ஆனால் அந்தப் பதிவுகளுக்கு என்ன மதிப்பெண் கொடுப்பது என்பதும் ஒரு தீர்ப்புத்தான். கோல்கீப்பர் ஜானி பௌவரைப் பாருங்கள். ஆறே அணிகள் இருந்த காலத்தில், அணிக்கு ஒரு கோல்கீப்பர் என்ற கணக்கில், உலகத்தில் அந்த வேலை ஆறு பேருக்கு மட்டும். 1953-54இல் ரேஞ்சர்ஸுக்கு ஒரு முழு சீசன் ஆடியதைத் தவிர முப்பத்துமூன்று வயதுவரை அவர் காலம் பெரும்பாலும் கீழ் லீகுகளில்தான் கழிந்தது. 1958இல் டொராண்டோ எடுத்தது. அதன்பின் நான்கு கோப்பைகள். இருபத்தைந்து வயது பௌவருக்கு என்ன எண் போடுவது? கீழ் லீக் கணக்குப்படி போட்டால் அவர் யாருமில்லை. முழு வாழ்க்கையைப் பார்த்துப் போட்டால் முதல் நாளே யாராவது கொத்திக்கொண்டு போவார்கள். ஒரு நல்ல கோல்கீப்பர் பத்தாண்டுக்கும் மேல் காத்திருந்தார் என்ற வரலாறு இரண்டிலும் தொலைகிறது.

எண்ணுக்கு மூலப்பொருளான புள்ளிவிவரத்தின் வயதையும் கவனிக்க வேண்டும். கோலை நோக்கி அடித்த ஷாட்டுகளை லீக் முறையாகப் பதிவுசெய்தது 1959-60 முதல். ஒரு வீரர் களத்தில் எத்தனை நிமிடம் இருந்தார் என்பது 1997-98 முதல். 1959-60க்கு முந்தைய தடுப்பாட்டக்காரரைக் கோல், அசிஸ்ட், தண்டனை நிமிடம் ஆகியவற்றைக்கொண்டுதான் எடைபோட வேண்டும். கோலைத் தடுத்தவரை அவர் அடித்த கோலால் அளக்கும் நிலை.

ஆட்களை விட்டு அமைப்புகளுக்கு வந்தால் இந்த ஆட்டங்கள் மேல். விதிகளும் அணிகளின் எண்ணிக்கையும் யார் யாரை வைத்திருக்கலாம் என்ற உரிமையும் ஆவணத்தில் இருப்பவை, அவற்றை முன்தேதியிட வேண்டியதில்லை. மாண்ட்ரியல் அணியின் பொது மேலாளர் சாம் போலாக் செய்ததை நினைத்துப் பாருங்கள். கலிஃபோர்னியா அணியின் 1971 முதல் சுற்று வாய்ப்பை ஓராண்டுக்கு முன்பே வாங்கி வைத்தார். நடு சீசனில், லாஸ் ஏஞ்சல்ஸ் கலிஃபோர்னியாவுக்கும் கீழே போய்விடுமோ என்ற நிலையில், தன் வீரர் ரால்ஃப் பேக்ஸ்ட்ராமை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அனுப்பி அதைத் தூக்கிவிட்டார். கலிஃபோர்னியா கடைசியில் நின்றது, கடைசி அணிக்குரிய முதல் தேர்வில் மாண்ட்ரியலுக்கு நட்சத்திர வீரர் கீ லஃப்ளர் கிடைத்தார். எந்த அணி கடைசியில் வரும் என்ற கணிப்பு அது, விதிகளைப் படித்துச் செய்த வேலை. அப்படி ஒரு காய்நகர்த்தலை ஆட்டத்தில் இன்று யாரும் செய்துபார்க்கலாம், அது நேர்மையான மறு ஆட்டம். எண்ணுக்கும் இதே நேர்மையைக் கொண்டுவர முடியும். அந்தந்த ஆண்டில் ஸ்கவுட்டுகள் வெளியிட்ட தரவரிசையை மட்டும் கணினி அணிகளுக்குக் கொடுத்து, இறுதி எண்ணை யாருக்கும் காட்டாமல், வளர்ச்சியில் அணியின் பங்கைப் பெரிதாக்க வேண்டும். லீகின் மத்திய ஸ்கவுட்டிங் அலுவலகம் 1975 முதல் இருக்கிறது. பிந்தைய ஆண்டுகளுக்காவது பொருள் கிடைக்கும். வேலை அதிகம் என்பது உண்மைதான். வரலாறு என்ற பெயரில் விற்பவர்களிடம் அந்த வேலையைக் கேட்பது தவறில்லை.

மீதிக் கடிதங்களுக்குச் சுருக்கமாக.

இரண்டு முறை ஆடினால் இரண்டு முடிவு வருகிறதே, எது சரி? இரண்டும் பகடை; பலமுறை ஓட்டி, எது அடிக்கடி வருகிறது என்று பாருங்கள்.

முழங்கால் காயங்களால் ஆட்ட வாழ்வு குறுகிப்போன பாபி ஆர், ஆட்டத்தில் தப்புவாரா? காயங்களைப் பகடைக்கு விட்டால் தப்பலாம். நிஜத்தில் அவர் ஆடியது 657 ஆட்டங்கள்.

1951 கோடையில் விமான விபத்தில் மறைந்த பில் பாரில்கோ? வரலாற்றுப்படி விலக்கும் வசதியை இயக்கினால் பட்டியலிலிருந்து நீங்குவார், இல்லாவிட்டால் அடுத்த சீசனுக்கு வருவார்.

பெயர்களை மறைத்து ஆடலாமா? ஆடலாம், பழைய பட்டியல் மனப்பாடமானவர்களுக்கு அதுவே நல்லது.

இந்த ஆண்டு டிராஃப்டில் ஆட்டம் காட்டும் தரவரிசை? ஸ்கவுட்டுகளின் பொதுப் பட்டியலுக்கு மேல் அதில் புதிதாக எதுவும் இருக்க வழியில்லை.

எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது? ஆறு அணிகள் பன்னிரண்டான 1967. அங்கே எண்களைவிட விதிகளுக்கு வேலை அதிகம்.