கிற்றாரின் உள்விலாவுக்கு ஏற்ற மரம்

மரத்தின் பெருமையை அதன் கனத்தாலும் வைரத்தாலும் அளத்தல் நம்மவர் வழக்கம். புத்தளத்துக் காடுகள் தரும் பாலை நீரில் அமிழுமளவு கனமானது. முதிரை கதவு நிலைக்கும் தளபாடத்துக்கும் உயர்ந்தது. சாவண்டலை வண்டிக்கும் பீப்பாவுக்கும் பெயர்பெற்றது. எனினும், கிற்றாரின் மேற்பலகைக்கு அடியில் ஒட்டப்பெறும் விலாச் சட்டங்களுக்கு இவற்றுள் எதுவும் பொருந்துவதில்லை. சிரம்பியடியில் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் பேணிவரும் மாஞ்சா இசையும், கரையெங்கும் ஒலிக்கும் பைலாவும் வாழும் இம்மாவட்டத்தில், இதன் காரணத்தை ஆராய்தல் பயனுடையதாகும்.

பலாமரத்தில் குடையப்பெறும் தஞ்சை வீணையின் குடம், தன் தடிப்பினாலேயே வலிமை பெறுகின்றது. கிற்றாரின் மேற்பலகையோ 3 மில்லிமீற்றர் அளவே தடிப்புடையது. உருக்குத் தந்திகள் ஆறும் சேர்ந்து அதனை ஏறத்தாழ 70 கிலோகிராம் விசையுடன் இழுக்கின்றன. இவ்விழுவிசையைத் தாங்குதல் விலாவின் முதற் கடமை. பலகையின் அதிர்வைத் தடுக்காதிருத்தல் இரண்டாவது கடமை. முன்னதற்கு விறைப்பு வேண்டும். பின்னதற்கு இலேசு வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தது, குளிர்நாடுகளில் வளரும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம்.

உலர்ந்த ஸ்புரூஸ் ஒரு கனமீற்றர் ஏறத்தாழ 425 கிலோகிராம் நிறையுடையது. முதிரையோ 900 கிலோகிராமைத் தாண்டும். நிறை இருமடங்கிற்கு மேலாயினும், முதிரையின் விறைப்பு ஒன்றரை மடங்களவே மிகுகின்றது. இன்னொரு விதியையும் இங்கே கருதுதல் வேண்டும். சட்டத்தின் அகலம் இருமடங்கானால் விறைப்பும் இருமடங்காகும். உயரம் இருமடங்கானாலோ விறைப்பு எட்டு மடங்காகும். ஆகவே, ஒரே நிறையும் ஒரே அகலமும் உடைய இரு விலாக்களுள், ஸ்புரூஸ் விலா முதிரை விலாவினும் இருமடங்கு உயரமாக அமையலாம். அதன் விறைப்பு ஐந்து மடங்கையும் விஞ்சும்.

மேற்பலகையும் அதன் விலாக்களுமே ஒலியின் உயிர்நிலை என்பதை ஸ்பானிய நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தே தொர்ரெஸ் மெய்ப்பித்தார். 1862ஆம் ஆண்டில் பக்கங்களையும் முதுகையும் காகித அட்டையாற் செய்து, மேற்பலகையை மட்டும் ஸ்புரூஸினால் அமைத்து, அவர் ஒரு கிற்றாரை உருவாக்கினார்.

மரத்தின் இனம் மட்டும் போதாது. துண்டைத் தெரியும் முறையும் முக்கியமானது. வாளால் அறுத்த துண்டில் நார்கள் இடையில் அறுபட்டுப் போகலாம். எனவே கோடரியாற் பிளந்து, நார் சென்ற வழியே சட்டத்தைச் சீவுதல் வேண்டும். ஆண்டு வளையக் கோடுகள் பலகைக்குச் செங்குத்தாக நிற்றல் நன்று. ஒரு முனையிலிருந்து ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு நீளம் தள்ளி விரல்களால் தளர்வாகப் பிடித்து நடுவே தட்டினால், நல்ல துண்டு தெளிவாக ஒலிக்கும்; குறையுள்ளது மழுங்கி ஒலிக்கும்.

நம் மலைநாட்டில் நடப்பட்ட கரிபியன் பைன் ஊசியிலை மரமேயாயினும், பிசினும் கனமும் மிகுந்தது. பழுதுற்றுக் கழிக்கப்பட்ட பியானோவின் ஒலிப்பலகை இதனினும் சிறந்தது. அது பெரும்பாலும் நன்குலர்ந்த பழைய ஸ்புரூஸாக இருக்கும்.

இறுதியாக, கடற்காற்றின் ஈரத்தைக் கவனித்தல் வேண்டும். மரம் ஈரத்தால் அகலவாட்டிற் பருக்கும்; நீளவாட்டில் மாறுவது மிகச் சிறிதே. பலகைக்குக் குறுக்கே ஒட்டிய விலா நீளாதிருக்க, பலகை மட்டும் பருத்தால் அது மேல்நோக்கிப் புடைக்கும். மாறாக, மாரிகால ஈரத்தில் ஒட்டிய கருவி வறண்ட குளிரூட்டிய மண்டபத்தை அடைந்தால், பலகை சுருங்க இடமின்றி வெடிக்கும். ஆதலின், பலகையையும் விலாவையும் ஈரப்பதன் 45 சதவீதமளவில் உள்ள அறையிற் பல நாள் வைத்திருந்து, அவ்வறையிலேயே ஒட்டுதல் முறையாகும்.

இதனால் நம் வைரமரங்கள் இழிந்தன ஆகா. விரற்பலகைக்குக் கருங்காலியும், முதுகுக்கும் பக்கங்களுக்கும் முதிரையும் அழகும் உறுதியும் சேர்க்கும். பாரம் தாங்கும் தூணுக்குரிய தகுதி வேறு. அதிர்ந்தொலிக்கும் பலகையைத் தாங்கும் விலாவுக்குரிய தகுதி வேறு. பணியை அறிந்து மரத்தைத் தெரிதலே தச்சனின் கல்வியாகும்.