இடைச்செருகல் உள்ள இயங்குதளம்

கணிப்பொறியில் நாம் தட்டும் எழுத்து, திறக்கும் கோப்பு, செலுத்தும் பணம் யாவும் இயங்குதளத்தின் வழியே நடைபெறுவன. அதனை ஆக்கியோர் அதன் ஓட்டைகளைச் சில ஆண்டுகளே அடைத்து வருவர். பொதுவான ஆதரவு விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8இலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இலும் முடிவுற்றது.

ஆயினும் கே.கே. நகர் போன்ற பகுதிகளில் பழைய பொறிகளை உடனே மாற்றப் பொருள்வசதி எல்லார்க்கும் உண்டோ? அத்தகையோர்க்கு, முகமறியாத ஒருவர் சுருக்கித் திருத்தி இணையத்தில் இட்ட படி இலவசமாய்க் கிடைக்கின்றது. அது விரைந்தோடுவதும் உண்மையே; காவல் நிரலும் புதுப்பிக்கும் உறுப்பும் பலகாலும் அதினின்று களையப்பட்டிருக்கும்.

தமிழ் பயில்வோர்க்கு இவ்விடர் புதிதன்று. ஏட்டில் புகுந்த இடைச்செருகலைப் பதிப்பாசிரியர் பிற படிகளோடு ஒப்பிட்டன்றோ கண்டனர்? கோப்புக்கும் அத்தகைய ஒப்புநோக்கு உண்டு. ஆக்கியோர் வெளியிடும் ‘ஹாஷ்’ என்னும் எண்கோவை, கோப்பில் ஓரெழுத்து மாறினும் வேறாகிவிடும். திருத்திய படி அதனோடு ஒவ்வாது; மாறியது யாதென்பதும் நமக்குப் புலப்படாது. வைரஸ் தடுப்பியும் அவ்வியங்குதளத்தின்மேல் நின்றே பார்ப்பது. அடித்தளமே பொய்யுரைப்பின் அது என் செய்யும்?

இது வெறும் அச்சமன்று. விண்டோஸ் 10இன் திருட்டுப் படிகள் சிலவற்றில், கணிப்பொறி தொடங்குதற்குரிய இ.எஃப்.ஐ. பகுதியைப் பயன்படுத்தி ஒளிந்த கள்ள நிரலொன்றை டாக்டர் வெப் நிறுவனத்தார் 2023இல் கண்டறிந்தனர். பயனர் நகலெடுக்கும் கிரிப்டோ நாணய முகவரியைக் கள்வர் முகவரியாக அது மாற்றிவிடும்.

புதுப்பித்தலின்மை மற்றொரு கேடு. 2017 மார்ச் 14இல் மைக்ரோசாஃப்ட் ஓர் ஓட்டைக்கு மாற்று வெளியிட்டது. அதனை இட்டுக்கொள்ளாத பொறிகளை மே 12இல் ‘வான்னகிரை’ தாக்கிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பொறிகள் சிக்கின. ஆந்திரக் காவல் துறையின் பொறிகளும் அவற்றுள் அடங்கும்.

நகலெடுக்கும் கடையொன்றில் இத்தகைய படி இருப்பின், இழப்பு உரிமையாளரோடு நில்லாது. ஆதாரும் மதிப்பெண் சான்றிதழும் கொண்டு வருவோரும், பென் டிரைவைச் செருகும் மாணவரும் அதற்கு உட்படுவர்.

ஏழைக்கு வழி இல்லையோ எனின், உண்டு. சென்னை சி-டாக் நிலையம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும், பழைய பொறிக்கேற்ற பிற லினக்ஸ் வகைகளும் இலவசமானவை. அவற்றை ஆக்கியோர் தளத்திலிருந்தே பெற்று, ஹாஷைச் சரிபார்த்து, கோப்புகளுக்குத் தனிப்படி ஒன்று எடுத்துவைத்தபின் நிறுவுக. பழைய விண்டோஸை விட இயலாதார் அதனை இணையத்தினின்று பிரித்து, பணப் பரிமாற்றத்தை வேறு கருவியிற் செய்வாராக.