முன் ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன்

புனேயின் ஏரவாடாவில், நகர் சாலை நெரிசலில் ஊர்ந்து போகும் தார் ஜீப்புகள் எல்லாமே ஃபோர் வீல் வண்டிகள் அல்ல. 2020இல் வந்த புதிய தலைமுறைத் தார், நான்கு சக்கர ஓட்டத்தோடு மட்டுமே விற்பனையானது. 2023 ஜனவரியில் மஹிந்திரா நிறுவனம் முன் சக்கர ஓட்டத்தை நீக்கி, பின் சக்கரங்கள் மட்டும் தள்ளுகிற வகையை 9.99 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் இறக்கியது. நீக்கிய இரும்பால் மட்டும் விலை அவ்வளவு இறங்கிவிடவில்லை. டீசலில் 2.2 லிட்டர் எஞ்சினுக்குப் பதிலாக 1.5 லிட்டர் எஞ்சின் வைத்தார்கள். நான்கு மீட்டருக்குள் நீளமும் 1500 சிசிக்குள் டீசல் எஞ்சினும் உள்ள வண்டிக்கு அன்றைய ஜிஎஸ்டியில் கூடுதல் வரி மிகக் குறைவு.

கையிலிருக்கும் ஃபோர் வீல் ஜீப்பையோ வேனையோ பட்டறையில் விட்டு இரண்டு சக்கர ஓட்டத்துக்கு மாற்ற நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். தொழிற்சாலை செய்தது மறுவடிவமைப்பு. பட்டறையில் நடப்பது பெரும்பாலும் ஒரு ஷாஃப்டைக் கழற்றுவது.

மாற்றும் எண்ணம் ஏன் வருகிறது? வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அகலமான வளைவில் போகின்றன. தாரின் இரு அச்சுகளுக்கு இடையே 2.45 மீட்டர். பின் அச்சின் நடுப்புள்ளி ஐந்து மீட்டர் ஆரத்தில் கால் வட்டம் திரும்பினால் 7.85 மீட்டர் ஓடும். முன் அச்சு ஏறத்தாழ 8.75 மீட்டர் ஓட வேண்டும். இரண்டையும், விசையை முன்னும் பின்னும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகப் பிணைத்திருந்தால், அந்த 90 சென்டிமீட்டரை யாராவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். சேற்றில் டயர் வழுக்கிக் கொடுத்துவிடும். காய்ந்த தார்ச் சாலையில் டயர் வழுக்காது. ஷாஃப்டும் பல்சக்கரங்களும் முறுக்கேறிக்கொள்ளும், ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும். ஃபோர் வீலில் போட்டுக்கொண்டு நகரத்தில் ஓட்டக் கூடாது என்பது இதனால்தான்.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 1980களில் கட்டப்பட்ட ஃபோக்ஸ்வாகன் சின்க்ரோ வேனில் இந்த வேறுபாட்டை ஏற்க, சிலிக்கான் திரவத்தில் மூழ்கிய தகடுகள் கொண்ட ஒரு பிணைப்பு உண்டு. வயதானால் அது இறுகிப்போகும். புதிது விலை அதிகம் என்பதால் முன்னே போகும் ஷாஃப்டைக் கழற்றிவிட்டுப் பின் சக்கரத்தில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். கியர்பெட்டி பின் அச்சை நேரடியாக ஓட்டுவதால் அந்த வேனில் அது முடிகிறது.

எல்லா வண்டியிலும் முடியாது. இரு அச்சுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் சாதாரண டிஃபரன்ஷியல் நடுவில் உள்ள நிரந்தர நான்கு சக்கர வண்டியில் முன் ஷாஃப்டைக் கழற்றினால் வண்டி நகரவே நகராது. தடையில்லாத பக்கம் வெறுமனே சுழல, மறுபக்கத்துக்கும் முறுக்குவிசை கிடைக்காது. நடு டிஃபரன்ஷியலைப் பூட்டினால்தான் ஓடும். சக்கரத்தருகே உள்ள அச்சுத்தண்டை மொத்தமாக உருவுவது இன்னும் ஆபத்து. பல வண்டிகளில் ஹப் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பதே அந்தத் தண்டின் முனையும் அதன் நட்டும்தான். முனைத்துண்டை மட்டுமாவது திரும்பப் பூட்டாமல் ஓட்டினால் பேரிங் பிரிந்து சக்கரமே ஆடும்.

பழைய வில்லிஸ் ஜீப்பை வடிவமைத்தவர்கள் இன்னொன்றையும் யோசித்திருந்தார்கள். முன் அச்சு சேராமல் லோ கியர் விழாதபடி டிரான்ஸ்ஃபர் கேஸில் தடுப்பு வைத்தார்கள். லோவில் பெருகும் முறுக்கு அத்தனையும் பின் அச்சு ஒன்றின் மேல் விழக் கூடாது என்பது அவர்கள் கவலை. முன் ஷாஃப்ட் இல்லாத வண்டியில் முன் அச்சைச் சேர்க்கும் லீவரைப் போட்டு லோவுக்கு மாற்றினால் தடுப்பு ஏமாந்துபோகும். உடைவது பின் அச்சு.

பிடிமானத்தில் என்ன இழப்போம்? உராய்வு எண் 0.3 உள்ள ஈரச் சேற்றில் நான்கு சக்கரமும் இழுத்தால், உருளும் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட, 30 சதவீத ஏற்றம் ஏறலாம். பின் சக்கரம் மட்டும் என்றால், ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய்வதையும் சேர்த்து, ஏறத்தாழ 16 சதவீதம். ஆனால் இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி மலைச்சாலையில் மிகக் கடினமான இடத்துக்கே 8 சதவீதம்தான் உச்சம். மழையில் நனைந்த தார்ச் சாலையானாலும் சஹ்யாத்ரி மலைச்சாலைகளில் இரண்டு சக்கரம் தாராளம். காட்டுப் பாதையில் இறங்கும்போதுதான் இழப்பு தெரியும்: எஞ்சின் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும் பிடிக்கும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்து பதிவுச் சான்றில் ஏறிய விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொண்டு பட்டறைக்குப் போவது நல்லது.

ஒன்றையும் வெட்டாத வழி 1948லேயே வந்துவிட்டது. உலகப் போரில் மிஞ்சிய ஜீப்புகளைச் சாலைக்குத் தயார்செய்த அமெரிக்கர் ஆர்தர் வார்ன், முன் சக்கரத்தை அச்சிலிருந்து விடுவிக்கும் ஹப்பை உருவாக்கினார். வெறும் லீவரில் இரண்டு சக்கரத்துக்கு மாற்றினால் முன் சக்கரம் தன் அச்சையும் ஷாஃப்டையும் இழுத்துச் சுழற்றிக்கொண்டே ஓடும். ஹப்பைத் திருகி விடுவித்தால் அவை அசையாமல் கிடக்கும். தேய்மானமும் எரிபொருளும் கொஞ்சம் மிச்சம், சேறு வந்தால் ஃபோர் வீல் கையிலேயே இருக்கும். ஹப் பொருத்த இடமுள்ள வண்டி வைத்திருப்பவர்கள் ஸ்பானரை எடுக்கும் முன் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.