வல்லூறு தூக்கிய கோப்பை

ஹேண்ட்பால் என்றால் நம்மில் பலபேர் "அப்படி ஒரு ஆட்டமா?" என்பீர்கள். 4 லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்தில் அதுதான் உயிர். அங்கே ரெய்க்யாவிக் நகரில் 1911-ல் சில பையன்கள் ஃபுட்பாலுக்காக ஆரம்பித்த கிளப் 'வாலுர்'. வல்லூறு என்று அர்த்தம். ஹேண்ட்பால் பிற்பாடு வந்தது.

1980-ல் ஐரோப்பியச் சாம்பியன் கிளப்புகளின் இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனியின் குரோஸ்வால்ஸ்டாட்டிடம் 12-21 என்று தோற்றார்கள். அங்கே போய் நின்றதே பெரிசு என்பேன் நான்!

மறுபடி ஒரு ஐரோப்பிய இறுதியாட்டத்துக்கு 44 வருஷம் ஆச்சு. 2024-ல் கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸ். சொந்த ஊரில் எடுத்த 4 கோல் முன்னிலை எதிரியின் ஊரில் அப்படியே போச்சு. கடைசியில் பெனால்டி எறிந்து ஜெயித்தார்கள். ஐஸ்லாந்து கிளப் ஒன்றுக்கு முதல் ஐரோப்பியக் கோப்பை!

2025-ல் பெண்கள் அணியும் ஸ்பெயினின் போரின்யோவை ஒரே கோலில் முந்திக் கோப்பை வாங்கிவிட்டது.