கிரீஸ் கைகள் – 11: குட்டை ராடு போட்டால் கார் வேகம் எடுக்குமா?

சென்ற வாரம் சஸ்பென்ஷன் வேலையை முடித்துக்கொண்டு காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தோம். இந்த வாரம் காருக்குள்ளேயே உட்கார்ந்து செய்கிற வேலை. கம்பெனி போட்டுக் கொடுத்த கியர் ராடைக் கழற்றிவிட்டு, வெளிமார்க்கெட்டில் விற்கும் ‘ஷார்ட் ஷிஃப்டர்’ என்கிற குட்டை ராடை மாட்டப் போகிறோம். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்களில் பலருக்கு முதலில் கை அரிப்பது இதற்குத்தான். எஞ்சினைப் பிரிக்க வேண்டாம், பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு மதியத்தில் முடிந்துவிடும். முடித்த மறுநிமிடமே உள்ளங்கையில் வித்தியாசம் தெரியும். சைலன்சரை மாற்றினால் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

கையில் எடுத்துக்கொண்டிருக்கும் கார் மஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் மியாட்டா. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். ஹிரோஷிமாவில் தயாராகும் இந்த இரட்டை இருக்கைத் திறந்த கார், 2016 ஏப்ரலில் உற்பத்தியில் 10 லட்சத்தைத் தொட்டது. முதல் தலைமுறை வண்டியில் 1.6 லிட்டர் எஞ்சின், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. எஞ்சின் முன்னால், உந்துவது பின்சக்கரம். அதனால் கியர் பாக்ஸ் எஞ்சினுக்கு நேர் பின்னால், இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. முன்சக்கரம் இழுக்கும் கார்களில் ராடுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கேபிள்களோ கம்பிகளோ ஓடும். இதில் அந்தத் தொல்லை இல்லை. ராடின் அடிமுனை நேராகக் கியர் பாக்ஸுக்குள்ளேயே இறங்கி நிற்கிறது.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. இந்தக் காரை உருவாக்கிய குழுவின் தலைவர் தோஷிஹிகோ ஹிராய், குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடலாவதுபோல் கார் இருக்க வேண்டும் என்பதை மந்திரமாகவே வைத்திருந்தவர். எம்எக்ஸ்-5இன் கியர் மாற்றம் வந்த நாளிலிருந்தே பேர் வாங்கியது. மணிக்கட்டை அசைத்தால் போதும், கியர் விழும். அப்படிப்பட்ட காருக்கே குட்டை ராடு விற்க இத்தனை பேர் இருக்கிறார்கள் என்றால், வாங்குகிறவர்களின் குறை உண்மையில் ராடில்தான் இருக்கிறதா?

குறை ராடில்தான் என்று அடித்துச் சொல்லக்கூடிய காலம் ஒன்று இருந்தது. 1950களின் அமெரிக்கக் கார்களில் பெரும்பாலும் கியர் ராடு ஸ்டியரிங் தண்டில் இருக்கும், மூன்றே கியர். பழைய வண்டிகளில் பெரிய எஞ்சினை ஏற்றி வேகம் பார்த்த இளைஞர்களுக்கு அது ஒத்துவரவில்லை. கியரைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹர்ஸ்ட், எஞ்சின் மாற்றுகிறவர்களுக்கு மவுன்டிங் செய்து விற்றுக்கொண்டிருந்தவர், இந்த ராடு வியாபாரத்தில் இறங்கினார். தொழிற்சாலை ராடுகள் வளைந்தன, ஆடின. அவருடையது கெட்டியான எஃகு. 1964இல் போன்டியாக் ஜிடிஓ வந்தபோது, கம்பெனியே ஹர்ஸ்ட் ராடைப் போட்டு விற்றது. வெளிமார்க்கெட் பொருளைத் தொழிற்சாலையே வாங்கி மாட்டியது என்றால், சொந்தப் பொருள் சரியில்லை என்று ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? விபத்தில் நசுங்கிய காரைப் பிளந்து ஆளை வெளியே எடுக்கும் ஹைட்ராலிக் கருவியைக் கொண்டுவந்தவரும் இதே ஹர்ஸ்ட்தான். இன்று உலகம் முழுக்கத் தீயணைப்பு வண்டிகளில் அந்த வகைக் கருவி இருக்கிறது. வேகமாகப் போக வழி செய்தவரே, போய் இடித்தவர்களையும் கவனித்துக்கொண்டார்!

அந்தக் காலத்து நாலு கியர் பெட்டிகளில் ராடுக்கும் பெட்டிக்கும் நடுவே வெளியில் மூன்று கம்பிகள் ஓடும். ஒன்று-இரண்டுக்கு ஒன்று, மூன்று-நான்குக்கு ஒன்று, ரிவர்ஸுக்கு ஒன்று. ஹர்ஸ்ட் ராடைப் பொருத்தும்போது எல்லாவற்றையும் நியூட்ரலில் வைத்து, ராடின் அடியில் இருக்கும் மூன்று நாக்குகளின் துளைகளையும் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவந்து, கால் அங்குல இரும்புக் கம்பி ஒன்றை ஊடே செருக வேண்டும். கம்பி தடையில்லாமல் நுழைகிறவரை மூன்றின் நீளத்தையும் திருகித் திருகிச் சரிசெய்வார்கள். பிறகு முன்னும் பின்னும் இரண்டு ஸ்டாப் போல்ட். கியர் விழுந்த பிறகும் ஆவேசமாகத் தள்ளுகிற கையை, பெட்டிக்குள் கியரை நகர்த்தும் ஃபோர்க் வாங்கிக்கொள்ளாமல் இந்த போல்ட் வாங்கிக்கொள்ளும். இதைச் சரியாக வைக்காத ராடு எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் பெட்டிக்குக் கேடுதான்.

எம்எக்ஸ்-5இல் அந்த மூன்று கம்பிகள் கிடையாது, சரிசெய்ய ஒன்றுமில்லை. அப்படியானால் குட்டை ராடு எதை மாற்றுகிறது?

கடப்பாரையால் கல்லை நெம்புகிறவரைப் பாருங்கள். முட்டுக்கட்டையைக் கல்லுக்கு நெருக்கி வைத்தால் லேசாகத் தூக்கலாம், ஆனால் கை நிறையத் தூரம் போக வேண்டும். கட்டையைத் தள்ளி வைத்தால் கை கொஞ்சம் நகர்ந்தாலே கல் அசையும், தோள் கழன்றுவிடும். கியர் ராடில் முட்டுக்கட்டை, நடுவில் இருக்கும் குண்டு. கணக்குக்காக, குண்டுக்கு மேல் 20 செ.மீ., கீழே 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ராடின் அடிமுனை 1 செ.மீ. நகர, மேலே குமிழ் 5 செ.மீ. நகர வேண்டும். குட்டை ராடு செய்கிறவர்கள் குண்டுக்குக் கீழ்ப்பகுதியை நீட்டுகிறார்கள். கீழே 5 செ.மீ. ஆனால், குமிழ் 4 செ.மீ. நகர்ந்தால் போதும். தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். ஆனால் முன்பு 4 கிலோ அழுத்தத்தில் விழுந்த கியருக்கு இப்போது 5 கிலோ வேண்டும். பெட்டிக்குள் எதுவும் மாறவில்லை. அதே பல்சக்கரம், அதே சிங்க்ரோ.

சிங்க்ரோ என்பது கியர் விழும் முன் இரண்டு சுழற்சிகளையும் உரசி ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் வளையம். அதற்கு வேண்டிய நேரத்தை அது எடுத்துக்கொள்ளும். கை சீக்கிரம் வந்துவிட்டதே என்று அது சீக்கிரம் முடித்துக் கொடுக்காது. ஆகவே கார் வேகம் எடுக்குமா என்ற கேள்விக்குப் பதில்: கை வேகமாகும், கார் ஆகாது. எம்எக்ஸ்-5க்குக் காலைக் குளிரில் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும் பழக்கம் முதலிலிருந்தே உண்டு. குட்டை ராடு போட்டால் அந்த முரண்டு இன்னும் தெளிவாகக் கைக்கு வரும்.

சரி, வேலைக்கு வருவோம். கார் ஆறியிருக்க வேண்டும். ராடுக்குக் கீழே புகைக்குழாய் ஓடுகிறது. ஓட்டிவந்த சூட்டில் கை வைத்தால் தோல் உரியும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, நியூட்ரலில் வையுங்கள். பேட்டரி ஒயரை எடுத்துவிடுவது நல்லது. பவர் விண்டோ உள்ள முதல் தலைமுறை வண்டியில் கண்ணாடி ஸ்விட்ச் நடு கன்சோலில்தான் இருக்கிறது. கன்சோலைத் தூக்கும்போது அதன் கனெக்டரைக் கழற்றியாக வேண்டும். குமிழை இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வந்துவிடும். கன்சோலின் திருகுகள் ஒன்றிரண்டு மூடிக்குள் ஒளிந்திருக்கும், தேடி எடுங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுக்கத் தூக்கினால்தான் கன்சோல் அதைத் தாண்டி வரும்.

இப்போது தெரிவது பெரிய ரப்பர் உறை, நான்கு 10 மி.மீ. போல்ட்டுகளோடு. அதைத் தூக்கினால் அதற்கும் கீழே சின்ன ரப்பர் உறை, மூன்று போல்ட். பழைய வண்டியென்றால் இங்கே நின்று நன்றாகப் பாருங்கள். சின்ன உறை மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, சுற்றிலும் கறுப்பு எண்ணெய் தெறித்திருக்கும். கால் பக்கம் சூடு அடிக்கிறது, கியர் ஆயில் நாற்றம் வருகிறது, கீழேயிருந்து இரைச்சல் என்று சொன்னதெல்லாம் இந்தக் கிழிசலின் வழியாக வந்ததுதான்.

மூன்று போல்ட்டையும் எடுத்து ராடை மேலே இழுத்தால், குண்டோடு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அடிமுனையில் தொப்பிபோல் ஒரு நைலான் புஷ் இருக்க வேண்டும். பல வண்டிகளில் அது உடைந்து அரை வட்டமாக இருக்கும். சிலவற்றில் இருக்கவே இருக்காது. துண்டுகள் உள்ளே எண்ணெயில் கிடக்கும். டார்ச் அடித்து, நீளமான இடுக்கியால் எல்லாத் துண்டையும் பொறுக்குங்கள். ராடு இறங்குகிற அந்தக் குழிக்குத் தனியாக எண்ணெய் உண்டு, கியர் பாக்ஸின் பிரதான எண்ணெயோடு சேராதது. கியர் பாக்ஸ் எண்ணெயை ஒழுங்காக மாற்றிவந்தவர்கள்கூட இதைத் தொட்டிருக்க மாட்டார்கள். பழையதை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தால் கஷாயம் மாதிரி வரும். புதிதாக 75டபிள்யூ-90 எண்ணெய் சுமார் 90 மில்லி விட்டால் போதும்.

புது ராடின் அடிமுனையில் புது நைலான் புஷ்ஷை மாட்டி, குண்டில் கிரீஸ் தடவி, கீழே இருக்கும் கிண்ணத்துக்குள் முனை உட்காருகிறதா என்று விரல் நுனியால் உணர்ந்தபடி இறக்குங்கள். உட்கார்ந்தால் ஒரு சின்ன ‘டக்’ கைக்குத் தெரியும். தெரியாமல் போல்ட்டை முறுக்காதீர்கள். கிழிந்த பழைய உறையை மறுபடி மாட்டுவது கஞ்சத்தனம். இரண்டு உறைகளையும் புதிதாகவே போடுங்கள். கன்சோலை மூடும் முன், எஞ்சினை அணைத்த நிலையில் கிளட்ச்சை மிதித்து ஐந்து கியரும் ரிவர்ஸும் முழுமையாக விழுகின்றனவா, எந்த மூலையிலாவது ராடு தகட்டில் இடிக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய கம்பெனி ராடைத் தூக்கிப் போட வேண்டாம். கவரில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். காரை விற்கும்போது கேட்பார்கள்.

ஓட்டிப் பார்த்ததும் முகத்தில் சிரிப்பு வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் எத்தனை பங்கு புது ராடுக்கு, எத்தனை பங்கு போகிற போக்கில் மாற்றிய புஷ்ஷுக்கும் எண்ணெய்க்கும் உறைக்கும்? என் கணிப்பில் பழைய எம்எக்ஸ்-5களில் முக்கால் பங்கு பின்னதற்குத்தான். ராடின் தொளதொளப்பு, குழம்புக்குள் கரண்டி விட்ட மாதிரி ஓர் ஆட்டம் என்று புகார் சொல்கிறவர்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அந்த நைலான் தொப்பிதான். அதனால் முதலில் இவற்றை மட்டும் மாற்றிப் பழைய ராடோடு ஒரு மாதம் ஓட்டுங்கள். அதற்கும் மனம் அடங்காவிட்டால் குட்டை ராடை வாங்கலாம். நடுவில் ஒரு மலிவான வழியும் இருக்கிறது: கனமான உலோகக் குமிழ். அதன் எடையே கையைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டு போய் சிங்க்ரோவைக் கடத்திவிடும். கூரை திறந்த காரை வெயிலில் நிறுத்திவிட்டு வந்து அதைப் பிடித்துப் பாருங்கள், கம்பெனி ஏன் தோலுறை போட்டது என்று புரிந்துவிடும்.

குட்டை ராடில் நான் பயப்படுகிற விஷயம் இன்னொன்று. பக்கவாட்டு இடைவெளியும் சுருங்கிப் போகும் ராடுகள் உண்டு. மூன்றாவது கியரில் 6,500 சுற்றில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், நான்காவதுக்கு இழுக்கிறீர்கள், கை இடப்பக்கம் ஒரு நூல் சாய்ந்து இரண்டாவதில் விழுகிறது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் மூன்றாவது கியரின் விகிதம் 1.330, இரண்டாவது 1.888. கிளட்ச்சை விட்டதும் சக்கரங்கள் எஞ்சினைப் பிடித்து 9,200க்கு மேல் சுற்ற வைக்கும். மீட்டரில் சிவப்புக் கோடு 7,000த்தில். எஞ்சினைக் காக்கும் ரெவ் லிமிட்டரால் பெட்ரோலைத்தான் நிறுத்த முடியும். சக்கரம் சுற்றிவிடுவதை அதனால் தடுக்க முடியாது. எஞ்சினுக்குள் ஏதாவது உடைந்தால் பட்டறைக்காரருக்கு நல்ல நாள். அதனால் புது ராடு போட்ட முதல் சில வாரங்கள் நிதானமாக, உள்ளங்கையை விரித்து நேராக இழுத்துப் பழகுங்கள். குமிழை முஷ்டியால் இறுக்கிப் பிடிக்கிறவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

சத்தமும் கொஞ்சம் கூடும். கம்பெனி ராடுக்குள் அதிர்வை விழுங்க ரப்பர் வைத்திருக்கிறார்கள். வெளிமார்க்கெட் ராடுகள் பல ஒரே இரும்பு. குறிப்பிட்ட சுற்றில் ராடு ‘ஜ்ஜ்’ என்று பாடும். டிராக்கில் ஓட்டுகிறவருக்கு இது பொருட்டில்லை. தினமும் வேலைக்குப் போகிறவர், எதிர்முனையில் இருப்பவர் ஃபோனில் ‘என்ன சத்தம்’ என்று கேட்கத் தொடங்கியதும் பழைய ராடைத் தேடுவார். கவரில் வைக்கச் சொன்னது அதற்கும்தான்.

புது ராடு, புது புஷ், புது எண்ணெய் எல்லாம் போட்டும் ரிவர்ஸுக்குப் போகையில் ‘கர்’ரென்று பல் கடிக்கிறதா? அப்போது ராடையும் கியர் பாக்ஸையும் விட்டுவிடுங்கள். கிளட்ச் முழுக்க விடுபடவில்லை என்று பொருள். எம்எக்ஸ்-5இல் அதற்குப் பெரும்பாலும் காரணம், கியர் பாக்ஸின் பக்கத்தில் தொங்கி, கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர். அதன் ரப்பர் மூடியை விரலால் விலக்கிப் பாருங்கள்; உள்ளே ஈரமாக இருந்தால் அடுத்த வார வேலை தயார்.

(தொடரும்)