மூன்று கிலோவா, எழுபது கிலோவா?

15 கிலோ ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினால் காரில் 15 கிலோ குறையும். முதல் கியரில் போனாலும் ஐந்தாவது கியரில் போனாலும் அதே 15தான். ஆனால் இன்ஜினின் பின்புறம் ஒட்டிக்கொண்டு சுற்றும் ஃபிளைவீலில் வெறும் 3 கிலோவைக் குறைத்துப் பாருங்கள். முதல் கியரில் காரிலிருந்து ஓர் ஆளையே இறக்கிவிட்ட மாதிரி, கிட்டத்தட்ட 70 கிலோ குறைந்ததுபோல வண்டி பாயும். இரண்டாவது கியருக்கு மாறியதும் அந்த 70 கிலோ 21 ஆகச் சுருங்கும். மூன்றாவதில் 9. ஐந்தாவதில் 4 கிலோகூடத் தேறாது.

இது கணக்கு போட்டுப் பார்க்கக்கூடிய விஷயம்தான். ஒரு சின்ன ஹேட்ச்பேக் காரில் முதல் கியரின் விகிதம் 3.5, கடைசிப் பல்சக்கர விகிதம் 4.2 என்று வைத்துக்கொண்டால், சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஃபிளைவீல் 14.7 சுற்று சுற்றியாக வேண்டும். அதாவது கார் வேகம் பிடிக்கும்போது ஃபிளைவீல் 14.7 மடங்கு அவசரமாக வேகம் பிடிக்கிறது. அதற்கு இன்ஜின் செலவழிக்கும் முறுக்குவிசை சக்கரத்துக்குப் போயிருந்தால் அங்கே 14.7 மடங்காகப் பெருகியிருக்கும். அந்த ஆதாயமும் போச்சு. ஆக இழப்பு 14.7 மடங்கின் 14.7 மடங்கு. இந்த இருபடிதான் 3 கிலோவை 70 ஆக்குகிறது. (13 செ.மீ. ஆரமுள்ள தட்டையான வட்டு, 28 செ.மீ. ஆரமுள்ள டயர் என்று வைத்து, சுழற்சியின் பங்கை மட்டும் போட்ட கணக்கு இது; குறைத்த 3 கிலோ தனி. உங்கள் காருக்கு எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.) எடையை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். விளிம்பில் ஒரு கிலோ எடுப்பது, பாதி ஆரத்தில் ஒரு கிலோ எடுப்பதைப்போல் 4 மடங்கு பலன் தரும். ரேஸ் பட்டறைகளில் லேத் கடைசல்காரர் விளிம்பின் பின்பக்கத்தையே முதலில் குறிவைப்பதற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு ஆதாயம் இருந்தால், கம்பெனிக்காரர்கள் ஏன் கனமான ஃபிளைவீலைப் போட்டு அனுப்புகிறார்கள்? அவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாதா என்ன?

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரே ஒரு முறைதான் வேலை செய்கிறது. மற்ற நேரமெல்லாம் காற்றை உறிஞ்சவும் அமுக்கவும் வெளியே தள்ளவும் அதுவே பிறரிடம் கடன் வாங்கி ஓடுகிறது. நான்கு சிலிண்டர் இருந்தால் அரைச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. மூன்று என்றால் 240 டிகிரிக்கு ஒன்று. வெடிப்புக்கும் வெடிப்புக்கும் நடுவே கிராங்க்ஷாஃப்டை இழுத்துக்கொண்டு போவது ஃபிளைவீலில் சேமித்த ஆற்றல். இந்தச் சேமிப்பு சுழலும் வேகத்தின் இருபடியில் கூடும், குறையும். 8 கிலோ ஃபிளைவீல் ஒன்று 6,000 ஆர்.பி.எம்.மில் 13,000 ஜூலுக்கு மேல் வைத்திருக்கும். சிக்னலில் நிற்கும்போது, 800 ஆர்.பி.எம்.மில், அதே ஃபிளைவீலின் கையிருப்பு 240 ஜூல் கூட இல்லை. மிகவும் தேவைப்படும் இடத்தில் மிகவும் குறைவாக இருக்கிறது! அதிலும் 3 கிலோவை எடுத்துவிட்டால் ஐடிலில் கார் நடுங்கும், ஏ.சி. கம்ப்ரஸர் விழும்போதெல்லாம் இன்ஜின் தொய்யும், கிளட்ச்சைக் கொஞ்சம் அவசரமாக விட்டால் ஆஃப் ஆகிவிடும். ரேஸ் டிராக்கில் 4,000-க்குக் கீழே இறங்காத காருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வடபழனி சிக்னலில் ஊர்கிற காருக்கு இதுதான் முழுப் பிரச்சினையும்.

இனி கிளட்ச்சுக்கு வருவோம். இங்கே இன்னொரு வினோதம் இருக்கிறது.

நிற்கிற காரைக் கிளப்பும்போது கிளட்ச்சின் ஒரு பக்கம் 1,500-ல் சுற்றுகிறது, மறுபக்கம் பூஜ்யத்தில் நிற்கிறது. பிளேட் உரசி உரசி மறுபக்கத்தையும் 1,500-க்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு பக்கமும் முறுக்குவிசை ஒன்றுதான். ஆனால் மறுபக்கத்தின் வேகம் பூஜ்யத்தில் ஆரம்பிப்பதால், சராசரியில் பாதிதான். எனவே சமதளத்தில், இன்ஜின் வேகத்தை மாற்றாமல் காரைக் கிளப்பினால், இன்ஜின் கொடுக்கும் ஆற்றலில் சரியாகப் பாதி காருக்குப் போகிறது, மறுபாதி வெப்பமாகப் போகிறது. மலிவான பிளேட்டோ விலையுயர்ந்த பிளேட்டோ, மெதுவாக விட்டாலோ டப்பென்று விட்டாலோ, இந்தப் பாதி மாறாது. உராய்வு எண்ணே சமன்பாட்டில் வருவதில்லை! மாற்ற முடிந்த ஒன்று ஆர்.பி.எம். மட்டும்: 1,500-க்குப் பதில் 3,000-ல் பிடித்துக் கிளப்பினால் வெப்பம் 4 மடங்கு. கிளட்ச்சின் ஆயுள் ஷோரூமில் தீர்மானமாவதைவிட வலது பாதத்தில்தான் அதிகம் தீர்மானமாகிறது என்று சொல்லலாம்.

ஒரு டன் காரை மணிக்கு 10 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர இப்படி வீணாவது 4,000 ஜூலுக்குச் சற்றுக் குறைவு. அது பெரிய விஷயமில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், முன்னே நிற்கும் பேருந்துக்குப் பின்னால், பிரேக்கைத் தொடாமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே காரைப் பிடித்து நிறுத்துகிறாரே ஒருவர், அவர் கதை வேறு. 100 மீட்டருக்கு 12 மீட்டர் ஏறும் சரிவில், ஆட்களோடு 1,300 கிலோ காரை 1,500 ஆர்.பி.எம்.மில் அப்படிப் பிடித்து வைத்தால், கிளட்ச்சுக்குள் ஓயாமல் 4.6 கிலோவாட் வெப்பம். பக்கெட்டில் போட்டு வெந்நீர் வைக்கும் ராடு நாலரையைக் கிளட்ச்சுக்குள் செருகியது போல. ஒரே நிமிடத்தில் ஃபிளைவீலும் பிரஷர் பிளேட்டுமாகச் சேர்ந்த 13 கிலோ இரும்பு சராசரியாக 45 டிகிரி சூடாகும். உரசுகிற பரப்பில் அதைவிட எவ்வளவோ மேல். அந்தக் கருகல் வாசனை மலையேறிய எல்லோருக்கும் தெரியும்.

இங்கேதான் இரண்டு கதையும் ஒன்றுசேர்கிறது. ஃபிளைவீல் ஆற்றல் சேமிக்கும் இடம் மட்டும் இல்லை. கிளட்ச்சின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் தொட்டியும் அதுதான். 13 கிலோவை 10 ஆக்கினால் அதே ஒரு நிமிடத்தில் 60 டிகிரி ஏறும். அலுமினியம் கிலோவுக்கு இரும்பைப் போல இரண்டு மடங்கு வெப்பம் வாங்கும் என்று விற்பவர்கள் சொல்வது உண்மை. ஆனால் அலுமினிய ஃபிளைவீலின் எடையே பாதிக்கும் கீழே என்பதால், சொன்ன ஆதாயம் கைக்கு வருவதில்லை. உரசலைத் தாங்க அதன்மேல் தனியாக ஒரு எஃகுத் தகட்டையும் பொருத்தியாக வேண்டும்.

கழற்றிப்போட்ட ஒரு பழைய ஃபிளைவீலைக் கையில் எடுத்துப் பாருங்கள். உரசும் முகத்தில் அங்கங்கே நீலம் பாரித்திருக்கும். அந்த இடங்கள் சூடேறிக் குளிர்ந்து மற்ற இடத்தைவிடக் கெட்டிப்பட்டவை. வெளிச்சத்தில் சாய்த்தால் மயிரிழை விரிசல்கள் மையத்திலிருந்து வெளிப்புறமாக ஓடுவது தெரியும். லேசாக இருந்தால் லேத்தில் ஃபேசிங் போட்டு எடுத்துவிடலாம். புது பிளேட்டை இதன்மேல் அப்படியே மாட்டினால், முதல் நாளே கிளட்ச் விடும்போது கார் உதறும்.

உரசும் பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆரம்ப காலக் கார்களில் கூம்பு வடிவக் கிளட்ச். அதன்மேல் தோல் போர்த்தியிருந்தார்கள். காய்ந்தால் கவ்விக் குதிக்கும், எண்ணெய் பட்டால் வழுக்கும். இங்கிலாந்தின் டெர்பிஷைர் மலைப்பகுதியில், வண்டிக்காரர்கள் இறக்கத்தில் சக்கரத்தை மட்டுப்படுத்தப் பழைய பூட்ஸைக் கட்டையாக வைப்பதைப் பார்த்தார் ஹெர்பர்ட் ஃப்ரூட். உராய்வுக்கென்றே ஒரு பொருளைச் செய்தால் என்ன என்று 1897-ல் சோதனையில் இறங்கினார். அவர் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப்போட்டு, கூட ஓர் எழுத்தும் சேர்த்துப் பிறந்ததுதான் ஃபெரோடோ என்ற பிராண்டு. பின்னர் கல்நார் வந்தது, பல பத்தாண்டுகள் ஆண்டது, நுரையீரலைக் கெடுக்கிறது என்று பல நாடுகளில் விலக்கப்பட்டது. இன்று சாதாரணக் காரில் இருப்பது கண்ணாடி இழை, ரெசின், பித்தளைக் கம்பி எல்லாம் கலந்த ஆர்கானிக் பிளேட்.

பிளேட்டை அமுக்கிப் பிடிப்பது டயஃப்ரம் ஸ்பிரிங், கிண்ணம்போல் வளைந்த ஓர் எஃகுத் தகடு. சாதாரணச் சுருள் ஸ்பிரிங்கை அமுக்க அமுக்க எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும். இது அப்படியில்லை, ஓர் உச்சம் வரை எதிர்த்துவிட்டு, அதற்கப்புறம் இளகிக்கொடுக்கும். பெடலை முக்கால்வாசி மிதித்தபின் கால் லேசாவது இதனால்தான். பிளேட் தேயத் தேயச் சுருள் ஸ்பிரிங்கின் பிடி தளரும். டயஃப்ரமோ உச்சத்தின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு நகர்ந்து, தேய்ந்த பிளேட்டையும் ஏறக்குறைய அதே பலத்தோடு பிடிக்கும். காருக்குள் இருக்கும் பாகங்களில் இதை நான் மிகவும் ரசிக்கிறேன்.

இப்போது அப்கிரேடு. கிளட்ச் தாங்கும் முறுக்குவிசையை நான்கு எண்கள் தீர்மானிக்கின்றன: அமுக்கும் விசை, உராய்வு எண், சராசரி ஆரம், உரசும் முகங்களின் எண்ணிக்கை. 4,000 நியூட்டன், 0.3, 8.5 செ.மீ., 2 முகம் என்றால் 204 நியூட்டன் மீட்டர். டர்போ காரில் ஈ.சி.யு. ரீமேப் செய்து முறுக்குவிசையை ஏற்றும்போது இந்த எல்லை இடிக்கும். அறிகுறி முதலில் தெரிவது முதல் கியரில் அல்ல, நான்காவது ஐந்தாவதில்: ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தால் ஆர்.பி.எம். முள் துள்ளும், வேக முள் நகராது. காரணம் மேலே பார்த்த அதே இருபடிதான். முதல் கியரில் முறுக்குவிசையில் ஒரு பங்கை ஃபிளைவீல் தன் வேகத்துக்கென்று எடுத்துக்கொள்கிறது. மிச்சம்தான் கிளட்ச்சுக்கு வருகிறது. டாப் கியரில் ஏறக்குறைய முழுவதும் கிளட்ச்சின் தலையில்.

நான்கு எண்களில் எதை ஏற்றினாலும் விலை உண்டு. கெட்டியான ஸ்பிரிங் போட்டால் பெடல் கல்லாகும், ரிலீஸ் பேரிங்கிலும் கிராங்க்ஷாஃப்டின் த்ரஸ்ட் வாஷரிலும் சுமை கூடும். செராமிக் பிளேட் போட்டால் பிடி அபாரம், ஆனால் ஒன்று பிடிக்கும் அல்லது விடும், நடுவில் எதுவும் இருக்காது. ஹாஃப் கிளட்ச்சில் ஊர்கிற நகரத்துக்குச் சரிவராது. இரண்டு மூன்று பிளேட் அடுக்கினால் முகங்கள் கூடும். ஃபார்முலா 1 காரில் கார்பன் பிளேட்டுகளை அடுக்கி, சுமார் 10 செ.மீ. விட்டத்துக்குள் முழு கிளட்ச்சையும் அடக்கிவிடுகிறார்கள், விலையைக் கேட்கக்கூடாது. தினமும் ஓட்டுகிற காருக்கு என் வாக்கு கனரக ஆர்கானிக் பிளேட்டும், ஓரளவு கெட்டியான பிரஷர் பிளேட்டும்தான்.

டீசல் காரென்றால் இன்னொரு சிக்கல். 1985-ல் ஜெர்மனியின் லூக் நிறுவனம் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய இரட்டை ஃபிளைவீல் இப்போது பல டீசல்களில் இருக்கிறது. ஒரே வட்டாக இல்லாமல் இரண்டு வட்டுகள், நடுவே வில்போல் வளைந்த ஸ்பிரிங்குகள். டீசலின் ஒவ்வொரு உதையையும் அவை விழுங்கிவிடும். இது தேய்ந்ததும் விலையைப் பார்த்து மலைத்து, ஒற்றை ஃபிளைவீலுக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. கார் ஓடும். ஆனால் ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடக்கும், அதன் பற்கள் வாங்கும் அடியும் கூடும். எனக்கு இதில் உடன்பாடில்லை.

பாதுகாப்பை விட்டுவிட முடியாது. 6,000 ஆர்.பி.எம்.மில் 13 செ.மீ. விளிம்பில் இருக்கும் எந்தத் துகளும் தன் எடையைப்போல் 5,200 மடங்கு விசையோடு வெளியே இழுக்கிறது. கடைசலில் 10 கிராம் ஒரு பக்கம் மிஞ்சிவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் 52 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு கிராங்க்ஷாஃப்டை உலுக்கும். லேத்தில் குறைத்த ஃபிளைவீலை பேலன்சிங் மெஷினில் ஏற்றாமல் மாட்டக்கூடாது. வார்ப்பிரும்பு அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதில் எடை குறைக்க ஓட்டை போட்டால் ஒவ்வொரு ஓட்டையும் விரிசலுக்குத் தொடக்கப்புள்ளி. வேகமாகச் சுழலும் பாகம் சிதறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம்: 1970 மார்ச் 8 அன்று கலிஃபோர்னியாவின் லயன்ஸ் டிராக் ஸ்டிரிப்பில், டிராக் பந்தய வீரர் டான் கார்லிட்ஸ் ஓட்டிய டிராக்ஸ்டரின் டிரான்ஸ்மிஷன் அவர் காலடியிலேயே வெடித்தது. வண்டி இரண்டாகப் பிளந்தது. வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. ஆஸ்பத்திரியில் படுத்தபடியே, இன்ஜினைத் தனக்குப் பின்னால் வைத்து ஒரு வண்டி கட்ட முடிவெடுத்தார். அடுத்த ஆண்டு அந்த வண்டியோடு வந்து ஜெயிக்கவும் ஆரம்பித்தார்; அந்த வகைப் பந்தயத்தில் இன்ஜினுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓட்டும் வழக்கம் சில ஆண்டுகளிலேயே மறைந்தது. அமெரிக்கப் பந்தயங்களில் ஃபிளைவீலுக்கும் கிளட்ச்சுக்கும் எஸ்.எஃப்.ஐ. 1.1 என்ற தரமுத்திரை இருக்கிறது. இலகு ஃபிளைவீல் வாங்குகிறவர்கள் பெட்டியின் மேல் முதலில் தேட வேண்டியது அதை. அடுத்து, அது வார்த்ததா, எஃகுக் கட்டியில் கடைந்ததா என்று கேளுங்கள்.